அரசு விமான நிறுவனம் விமானம் வாங்கும்போது மந்திரியின் கை எங்கே இருக்கும்?

கேள்வி: ஒரு நாட்டின் அரசு விமான நிறுவனம் போயிங் வாங்குவதா, ஏர்பஸ் வாங்குவதா என்பதை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? பொறியாளர்களா, மந்திரிகளா? நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டால் இந்தத் தலையீடு நின்றுவிடுமா?

அரசியல் தலையீடு உண்டு, சந்தேகமே வேண்டாம். ஆனால் பெரும்பாலானோர் தேடுகிற இடத்தில் அது இருப்பதில்லை. மந்திரி போனில் கூப்பிட்டு "அவன் விமானம் வேண்டாம், இவனுடையதை வாங்கு" என்று சொல்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் நடந்திருக்கிறது, பின்னால் சொல்கிறேன். நிறுவனத்தை ஓட்டாண்டியாக்குகிற தலையீடு மட்டும் வேறு இடத்தில் நடக்கிறது: எத்தனை விமானம், எப்போது, யார் பணத்தில். இந்த மூன்றோடு ஒப்பிட்டால் எந்தக் கம்பெனி என்பது சில்லறை விஷயம்.

ஏன் சில்லறை என்கிறேன் என்றால், இன்று இரண்டு கம்பெனிகளின் விமானங்களும் பல ரகங்களில் கிட்டத்தட்டச் சமம். 2019இல் போயிங்கின் 737 மேக்ஸ் உலகம் முழுக்கப் பறக்கத் தடை செய்யப்பட்டது போன்ற சந்தர்ப்பங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு இருக்கைக்கு ஆகும் எரிபொருளில் பெரிய வித்தியாசம் வராது. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலையை யாரும் கொடுப்பதில்லை. பெரிய ஆர்டராக இருந்தால் பாதி விலைக்கு வருவதுகூட அதிசயம் இல்லை. ஏர்பஸ் 2018க்குப் பிறகு விலைப்பட்டியல் வெளியிடுவதையே விட்டுவிட்டது. ஆக, மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்து எரிபொருள், என்ஜின் பராமரிப்பு ஒப்பந்தம், விமானி பயிற்சி, உதிரிபாகம், பத்து வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தாலும், கடைசியில் இரண்டு பேரும் மூக்கு நுனி வித்தியாசத்தில்தான் நிற்பார்கள். அந்த நிலையில் மந்திரி ஒரு பக்கம் சாய்ந்தாலும் பெரிய நஷ்டம் வராது.

நஷ்டம் வருவது அந்தக் கணக்குக்கு முன்னால் வைக்கப்படும் அனுமானங்களில். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பயணிகள் எத்தனை சதவீதம் கூடுவார்கள்? எந்த ஊர்களுக்குப் பறக்கப் போகிறோம்? எரிபொருள் என்ன விலை இருக்கும்? வளர்ச்சி 5 சதவீதம் என்றிருந்த இடத்தில் 9 என்று போட்டால் வாங்க வேண்டிய எண்ணிக்கை தானாக மேலே போகும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கையெழுத்தைத் திருத்தவில்லை. விசாரணை வந்தாலும் பிடிபடாது.

ஏர் இந்தியாவின் கதையில் இது நன்றாகத் தெரியும். 2004 ஜனவரியில் அந்த நிறுவனம் அரசுக்கு அனுப்பிய திட்டத்தில் மொத்தம் 28 விமானங்கள்: தொலைதூரப் பயணத்துக்கு 10, குறைந்த தூரத்துக்கு 737 ரகத்தில் 18. மே மாதம் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் திட்டத்தை மறுபடியும் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலித்தார்கள். 2005 டிசம்பர் கடைசியில் போயிங்குடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது 28 என்பது 68 ஆகியிருந்தது. 18 அப்படியே 18தான், தொலைதூர விமானங்கள் 10 மட்டும் 50 ஆகிவிட்டன: 777-200எல்ஆர் 8, 777-300இஆர் 15, 787 ரகம் 27.

இந்த 50 ஏன் போயிங்குக்குப் போனது என்றுதான் அப்போது பேச்சு. 2005 ஜூலையில் மன்மோகன் சிங் வாஷிங்டன் போய் அணுசக்தி ஒத்துழைப்புக்கு அடித்தளம் போட்டார், 2006 மார்ச்சில் புஷ் டெல்லி வந்தார், நடுவில் இந்த ஆர்டர். முடிச்சுப் போடுவது சுலபம். முடிச்சு இருந்திருக்கவும் கூடும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: அந்த 50 விமானங்களும் ஏர்பஸ்ஸாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. 10 விமானம் போதும் என்று சொன்ன நிறுவனம், சில மாதங்களில் 50 வேண்டும் என்று சொன்னதில்தான் சிக்கல். அதே சமயத்தில் அதே அமைச்சகத்தின் கீழ் இருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் வாங்கியது. இரண்டையும் 2007இல் ஒன்றாக இணைத்தார்கள். இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகத் திட்டம் போட்டு, 111 விமானங்களுக்குக் கடன் வாங்கி, அப்புறம்தான் கல்யாணம்.

2011இல் வந்த சிஏஜி (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை எண்ணிக்கை உயர்ந்த விதத்தையும், கிட்டத்தட்ட முழுக்கவே கடனில் வாங்கியதையும் கடுமையாகச் சாடியது. முதல் நாளிலேயே அழிவுக்கு வழி போட்ட காரியம் என்கிற அளவுக்கு அதன் தொனி இருந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு சிபிஐ வழக்குப் பதிந்தது. லஞ்சம் கைமாறியதா என்கிற பக்கம் நான் போகவில்லை. ஒரு பைசாகூடக் கைமாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் இந்தக் கணக்கு நிற்காது.

777-200எல்ஆர் ரகத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மிக நீண்ட தூரம் நிற்காமல் பறப்பதற்கென்றே செய்யப்பட்ட விமானம் அது. மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடியாக 2007 ஆகஸ்டில் பறக்க ஆரம்பித்தது. கௌரவமான வழித்தடம், தொடக்க விழாவுக்கு ஏற்றது. ஆனால் அத்தனை தூரம் எரிபொருளைச் சுமந்துகொண்டு போகிற விமானத்தைக் குறைந்த தூரத்துக்கு ஓட்டினால் கட்டுப்படியாகாது. எட்டில் ஐந்தை 2013, 2014 வாக்கில் அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். 787 இன்னொரு வகையில் படுத்தியது. 2008இல் வர வேண்டியது 2012 செப்டம்பரில்தான் வந்தது, வந்த நாலாவது மாதமே பேட்டரி பிரச்சினையால் உலகம் முழுக்கப் பறக்கத் தடை செய்யப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஏர் இந்தியாவின் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். முழுவதும் விமானம் வாங்கியதால் வந்ததல்ல, ஆனால் தொடக்கப் புள்ளிகளில் இது முக்கியமானது.

அந்த ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போயிங் நாக்பூரில் 10 கோடி டாலரில் ஒரு பராமரிப்பு நிலையம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது, கட்டியும் கொடுத்தது. இப்படி ஆர்டரோடு வரும் இனாம்கள் எல்லா நாடுகளிலும் உண்டு: தொழிற்சாலை, பயிற்சிப் பள்ளி, உதிரிபாகத் தயாரிப்பு. அமைச்சரவைக் குறிப்பில் அவை லாபக் கணக்கில் போய் உட்காரும். விற்கிறவர் அந்தச் செலவை விமானத்தின் விலையில் எங்கே வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, விமானத்தின் வடிவத்தையே வளைக்கிற தலையீடு. இதில் பிரிட்டிஷ்காரர்கள் தனி ரகம். அங்கே இரண்டு அரசு நிறுவனங்கள் இருந்தன, தொலைதூரத்துக்கு பிஓஏசி, ஐரோப்பாவுக்குள் பிஇஏ. இரண்டுமே பிரிட்டனில் செய்த விமானத்தைத்தான் வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். 1956இல் பிஓஏசிக்கு 15 போயிங் 707 வாங்க அனுமதி கிடைத்தது, அதிலும் என்ஜின் ரோல்ஸ்-ராய்ஸாக இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சலுகைக்குப் பிறகு உள்நாட்டு விமானம் ஒன்றை வாங்கியே தீர வேண்டும். அப்படி வந்தது விக்கர்ஸ் விசி10. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வெயிலும் உயரமும் அதிகமாக உள்ள, ஓடுபாதை குட்டையாக உள்ள விமான நிலையங்களிலிருந்து கிளம்புவதற்காக, சக்தி மிகுந்த நாலு என்ஜின்களை வாலில் வைத்துச் செய்தார்கள். அருமையான விமானம், பயணிகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் விசி10 வருவதற்குள் நைரோபி மாதிரி ஊர்களில் 707க்காக ஓடுபாதையையே நீட்டிவிட்டார்கள். எந்தத் தேவைக்காகக் கூடுதல் எரிபொருள் குடிக்கும் விமானம் செய்தார்களோ அந்தத் தேவையே மறைந்துவிட்டது. 1964இல் பிஓஏசியின் புதிய தலைவர் ஜைல்ஸ் கத்ரி மிச்ச ஆர்டரை ரத்து செய்துவிட்டு 707 வாங்கப் பார்த்தார். அரசாங்கம் விடவில்லை, ஒரு பகுதியை வாங்க வைத்தது. பிறகு நிறுவனத்துக்கு நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டி வந்தது. மொத்தம் தயாரானது 54 விசி10 மட்டும்.

பிஇஏக்காகச் செய்த டிரைடென்ட் விமானத்தின் கதை இதைவிடச் சோகம். பிஇஏ தன் தேவைக்கு ஏற்ப அதை 1959இல் சிறிதாக்கச் சொன்னது. உலகத்தில் வேறு எவருக்கும் அந்த அளவு பொருந்தவில்லை. கிட்டத்தட்ட அதே யோசனையில் அமெரிக்காவில் செய்த போயிங் 727 மொத்தம் 1,832 விற்றது. டிரைடென்ட் 117. 1966இல் பிஇஏவே போய் அரசிடம் போயிங் விமானங்கள் வாங்க அனுமதி கேட்டது. கிடையாது என்றார்கள். கடைசியில் டிரைடென்ட்டை நீட்டி ஒரு ரகம் செய்தார்கள், மேலே எழும்ப அதற்குச் சக்தி போதவில்லை. அதனால் வாலில் நாலாவதாக ஒரு குட்டி என்ஜினைச் செருகினார்கள், கிளம்பும்போது மட்டும் உதவுவதற்கு. அரசியல் நிர்ப்பந்தம் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பொருளாக நிற்பது அபூர்வம், இந்த விமானத்தின் வாலில் நின்றது.

சரி, லஞ்சத்துக்கு வருவோம். இதில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஜப்பான். 1972இல் ஆல் நிப்பான் ஏர்வேஸ், போட்டி விமானமான டிசி-10 வாங்கும் என்று எதிர்பார்த்திருந்த நேரத்தில், அமெரிக்க நிறுவனமான லாக்ஹீடின் டிரைஸ்டாரைத் தேர்ந்தெடுத்தது. ஆல் நிப்பான் தனியார் நிறுவனம்தான், ஆனால் அரசின் ஆசி இல்லாமல் அங்கே எதுவும் நகராது. பின்னணியைப் பார்த்தால் அமெரிக்காவும் பிரிட்டனும் இந்த விற்பனைக்காகத் தவித்துக்கொண்டிருந்தன. டிரைஸ்டாருக்கு என்ஜின் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் 1971இல் திவாலாகி அரசுடைமை ஆனது, அதே ஆண்டு லாக்ஹீடுக்கு அமெரிக்க அரசு 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்துக் காப்பாற்றியிருந்தது. லாக்ஹீட் ஒரு வர்த்தக நிறுவனம் வழியாகப் பிரதமர் ககுவேய் தனாகாவுக்கு 50 கோடி யென் கொடுத்தது 1976இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளியே வந்தது. பணத்தை அட்டைப்பெட்டிகளில் வைத்துக் காரில் மாற்றிக்கொண்டார்கள். வாங்கியதற்கு ரசீதும் கொடுத்தார்கள், அதில் "நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு கடலை பத்து லட்சம் யென். இவ்வளவு பெரிய களவில் ரசீது ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, கணக்கு வழக்கில் ஜப்பானியர்களின் ஒழுங்கு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தனாகாவுக்கு 1983இல் நாலு வருஷத் தண்டனை. மேல்முறையீடு முடியும் முன்பே 1993இல் இறந்துபோனார். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் அமெரிக்கச் சட்டம் 1977இல் வந்ததற்கு இந்த விவகாரம் ஒரு முக்கியக் காரணம்.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2013இல் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், ஏர்பஸ்ஸின் பெரிய ரகங்களில் 6 ஏ330, 4 ஏ350 வாங்க ஒப்பந்தம் போட்டது, கூடவே சில ஏ350 குத்தகைக்கும். 2020 ஜனவரியில் ஏர்பஸ் பல நாட்டு லஞ்ச வழக்குகளை முடித்துக்கொள்ள பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்டியபோது, பிரிட்டிஷ் நீதிமன்ற ஆவணத்தில் இந்த விற்பனையும் இருந்தது. ஸ்ரீலங்கன் நிர்வாகத்தில் தொடர்புள்ள ஒருவரின் மனைவி நடத்திய கம்பெனிக்கு 1.68 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி, 20 லட்சம் டாலர் கொடுத்தும் விட்டார்கள். விற்பனைக்கான கடனுக்கு உத்தரவாதம் தரும் பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு "இந்த இடைத்தரகர் யார்?" என்று கேட்டபோது, ஏர்பஸ் ஆட்கள் அவருடைய பெயரை மட்டுமல்ல, ஆணா பெண்ணா என்பதைக்கூட மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது இந்தச் செய்திதான்.

ஆனால் பணக் கணக்கில் பாருங்கள். கைமாறிய லஞ்சம் 20 லட்சம் டாலர். ஏ350 பறப்பதற்கு ஏற்ற வழித்தடங்கள் ஸ்ரீலங்கனிடம் கிடையாது என்று அடுத்து வந்த ஆட்சி முடிவு செய்து, குத்தகைக்கு எடுக்கவிருந்த விமானங்களை ரத்து செய்தபோது கொடுத்த தொகை சுமார் 9.8 கோடி டாலர். அதாவது லஞ்சத்தைப் போல ஐம்பது மடங்குக்குக் கிட்ட. தேவையில்லாததை வாங்கச் சம்மதித்ததற்கு வந்த பில் அது. (இந்த நிறுவனம் 1998 முதல் பத்தாண்டுகள் துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து வரும் விமானத்தில், டிக்கெட் வாங்கிய பயணிகளை இறக்கிவிட்டு ஜனாதிபதியின் பரிவாரத்தை ஏற்ற மறுத்தார்கள். எமிரேட்ஸ் அனுப்பிவைத்த தலைமை அதிகாரியின் விசாவை அரசு ரத்து செய்தது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. விமானம் வாங்குவதற்கு நேரடியாகத் தொடர்பில்லாத கதை, ஆனால் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லாமல் போனது அங்கேதான்.)

தென்னாப்பிரிக்காவில் 2015 டிசம்பரில், அரசு விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஒப்பந்தத்தில் நடுவில் ஒரு உள்ளூர்க் குத்தகைக் கம்பெனியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். நிதியமைச்சகம் மறுத்தது. சில நாட்களில் நிதியமைச்சர் பதவியை இழந்தார். அதற்கு வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. நேபாளத்துக்குச் சீனா 2012 உடன்படிக்கையின்படி சில விமானங்களை இனாமாகவும் சிலவற்றைச் சலுகைக் கடனிலும் கொடுத்தது, மொத்தம் ஆறு. விமானிகளும் உதிரிபாகமும் கிடைக்காமல் ஓட்ட ஓட்ட நஷ்டம், 2020இல் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். கடன் தவணை நிற்கவில்லை.

இனி வெளிநாட்டு அரசுகளின் அழுத்தம். இதைத் தடுக்க ஒரு சர்வதேச விதியே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ராணுவம் சாராத விமானங்களின் வர்த்தகம் பற்றிய ஒப்பந்தம் 1980 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. அதன் நாலாவது பிரிவு, குறிப்பிட்ட இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும் என்று அரசுகள் விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நியாயமற்ற நெருக்கடி தரக் கூடாது, ஆசை காட்டக் கூடாது என்று சொல்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டுக் கீழே உள்ளதைப் படித்தால் சிரிப்புதான் வரும்.

1994 பிப்ரவரியில், சவூதி அரேபிய விமான நிறுவனம் சுமார் 600 கோடி டாலருக்கு அமெரிக்க விமானங்கள் வாங்கப்போவதை அறிவித்தவர் விமான நிறுவனத்தின் தலைவர் இல்லை, அதிபர் கிளின்டன். மன்னர் ஃபஹதிடம் அவரே பேசியிருந்தார். ஏர்பஸ் ஆட்களுக்கும் சவூதி அதிகாரிகளுக்கும் இடையிலான தொலைபேசி, ஃபேக்ஸ் தகவல்களை அமெரிக்க உளவு அமைப்பு ஒட்டுக்கேட்டது என்று பின்னர் செய்தி வந்தது, 2001இல் ஐரோப்பிய நாடாளுமன்ற அறிக்கை ஒன்றும் அதைக் குறிப்பிட்டது. சிஐஏவின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் வூல்ஸி 2000இல் ஒரு நாளேட்டில் எழுதியது அதைவிடச் சுவை: ஆமாம், வேவு பார்த்தோம், நீங்கள் லஞ்சம் கொடுக்கிறீர்கள், அதனால்தான் பார்த்தோம் என்பது அதன் சாரம்.

விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்த அமெரிக்கத் தூதரகத் தந்திகளில், வாங்குகிறவர்கள் பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்ற பட்டியலும் தெரிந்தது. சவூதி மன்னர் அப்துல்லா தன் சொந்த விமானத்தில் அமெரிக்க அதிபரின் விமானத்தில் உள்ள தகவல் தொடர்பு, பாதுகாப்புச் சாதனங்கள் வேண்டும் என்றார். துருக்கி தன் விண்வெளி வீரரை அனுப்ப உதவி கேட்டது. பங்களாதேஷின் ஷேக் ஹசீனா, நியூயார்க்கில் இறங்க அனுமதி இல்லை என்றால் போயிங் வாங்கி என்ன பயன் என்று கேட்டார். மூன்றில் நியாயமான கேள்வி அதுதான். போயிங் விமானங்கள் டாக்காவுக்கு வந்து சேர்ந்தன. நியூயார்க் வழித்தடம் வரவில்லை.

இந்த அழுத்தத்துக்குப் பின்னால் உண்மையான பிடிமானம் ஒன்று உண்டு: கடன். கையில் பணமில்லாத அரசு நிறுவனம் பெரும்பாலும் ஏற்றுமதிக் கடன் அமைப்புகளின் உத்தரவாதத்தில்தான் வாங்குகிறது. போயிங் என்றால் அமெரிக்காவின் எக்ஸிம் வங்கி, ஏர்பஸ் என்றால் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் அமைப்புகள். விலையில் 85 சதவீதம் வரை அவர்கள் உத்தரவாதம் தரலாம். ஏர் இந்தியாவுக்கு எக்ஸிம் கொடுத்த உத்தரவாதத்தை எதிர்த்து அமெரிக்க விமான நிறுவனங்களே, எங்கள் வரிப்பணத்தில் எங்களுக்குப் போட்டியாளரை வளர்க்கிறீர்கள் என்று வழக்குப் போட்டன. யார் கடன் தருகிறாரோ அவர் சொல்வதைக் கேட்கத்தானே வேண்டும்.

அரசியலைப் பார்ப்பது எப்போதும் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஈரான் ஏர் 2016இல் தடைகள் தளர்ந்ததும் ஏர்பஸ்ஸுக்கு 100, போயிங்குக்கு 80 என்று ஆர்டர் கொடுத்தது. 2018இல் டிரம்ப் அணுசக்தி உடன்பாட்டிலிருந்து வெளியேறியபோது ஏர்பஸ்ஸிலிருந்து வந்து சேர்ந்தது மூன்றே மூன்று, போயிங்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஐரோப்பிய விமானத்துக்கும் அமெரிக்காவின் உரிமம் தேவை, அதில் அமெரிக்க பாகங்கள் அவ்வளவு இருக்கின்றன. சீனாவில் ஆர்டரே அரசு அமைப்பு ஒன்றின் மூலம் மொத்தமாகப் போகிறது: 2017இல் டிரம்ப் பெய்ஜிங் வந்தபோது 300 போயிங், 2019இல் ஷி ஜின்பிங் பாரிஸ் போனபோது 300 ஏர்பஸ். அங்கே விமானமும் வெளியுறவுக் கொள்கையில் சேர்ந்ததுதான், ஒளிவுமறைவு இல்லை. இரண்டு பேரிடமும் மாறி மாறி வாங்குவது ஒரு நாட்டுக்குக் காப்பீடு மாதிரி, அதற்கான செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள்.

அரசுடைமை என்றாலே தலையீடு என்பதும் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெரும்பங்கு அரசின் முதலீட்டு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. 1972இல் அது தனி நிறுவனமான சமயத்திலேயே, கௌரவத்துக்காக இதை ஓட்ட மாட்டோம், லாபம் இல்லையென்றால் மூடிவிடுவோம் என்ற செய்தியை லீ குவான் யூ தெளிவாகக் கொடுத்துவிட்டார். அவர்கள் போயிங்கும் வாங்குகிறார்கள், ஏர்பஸ்ஸும் வாங்குகிறார்கள், விமானம் பழசாகும் முன் விற்றும்விடுகிறார்கள்.

இனி தனியார்மயம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்வி. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனது. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், ஏர்பஸ் 250, போயிங் 220. காணொளியில் மோடியும் மக்ரோனும் வந்தார்கள், பைடன் 44 மாநிலங்களில் 10 லட்சத்துக்கும் மேல் வேலைக்கு இது கைகொடுக்கும் என்று அறிக்கை விட்டார், அப்போதைய பிரிட்டன் பிரதமர் சுனக்கும் ரோல்ஸ்-ராய்ஸுக்காகச் சந்தோஷப்பட்டார். ஆக, அரசியல் எங்கும் போய்விடவில்லை. ஆனால் 470 தப்பான எண்ணிக்கையாக இருந்தால் நஷ்டம் டாடாவுக்கு.

2025இல் டிரம்பின் இறக்குமதி வரி வந்தபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மே மாதம் பிரிட்டன் வர்த்தக உடன்பாடு செய்துகொண்ட நாளில், ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் 1,000 கோடி டாலருக்கு போயிங் வாங்கப் போகிறது என்று அமெரிக்கத் தரப்பில் அறிவித்தார்கள். மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனம் 32 போயிங் 787க்கான ஆர்டரை வெளியிட்டது. அதோடு 21 ஏர்பஸ் ஏ330நியோவுக்கான ஆர்டரையும் சேர்த்து வெளியிட்டது. வாஷிங்டனுக்கு வேண்டிய செய்தி கிடைத்தது, நிறுவனம் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது.

அதே ஆண்டு ஜூலையில் பங்களாதேஷ் தன் மேல் விழவிருந்த 35 சதவீத வரியைக் குறைக்கப் பேசிக்கொண்டிருந்தது. அரசு நிறுவனமான பிமானுக்கு 25 போயிங் வாங்கப்போவதாக அறிவித்தார்கள், முன்பு 14 என்று இருந்தது 25 ஆகியிருந்தது. வரி 20 சதவீதத்துக்கு இறங்கியது. பிமானிடம் அப்போது மொத்தமாகவே சுமார் 20 விமானங்கள்தான் இருந்தன. 25 என்ற அந்த எண்ணைச் சொன்னவர் வர்த்தக அமைச்சகத்தின் செயலாளர்.